அடுத்தது பாம்புப் புத்தகம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ரப்பர் கிடக்கிறது. பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர்தான். வாங்கியபோது வெள்ளையாக இருந்தது; இப்போது சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் சரிந்து தேய்ந்து, பாதியாகச் சுருங்கிவிட்டது. அதன் பக்கத்திலேயே கடல் ஆமைகளைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று. கள்ளக்குறிச்சியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவோ சாமான்களைக் கழித்துக் கட்டியிருக்கிறேன். இவை இரண்டின் மீதும் கை வைக்க மனம் வரவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. முப்பது வருடம் நூலகங்களில் வேலை பார்த்தவளுக்குப் பேய் பயம் எங்கிருந்து வரும்? தணிக்கை பயம்தான் வரும். நான் செய்த பெரிய தப்பும் அந்தப் பயத்தில் செய்ததுதான்.

எனக்கு முதல் வேலை கல்வராயன் மலையில் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேலே ஏற வேண்டிய ஊர். பெயர் வேண்டாம். ஓடு போட்ட ஒற்றை அறைதான் நூலகம். ஒரு பக்கம் டீக்கடை, பின்னால் ஒரு பெரிய கடுக்காய் மரம். காலை பதினொரு மணிக்குக்கூட மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அலமாரிகளுக்கு நடுவில் நிற்கும். எதிர்ப்பக்க அலமாரியில் என்ன புத்தகம் இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு நிற்கும். உண்மையைச் சொன்னால் அது தெரிய வேண்டிய அவசியமும் எனக்கு அப்போது இல்லை. நான் நூலக வேலைக்குப் பரீட்சை எழுதி வந்தவள், புத்தகம் படிக்கிறவள் இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் என் படிப்பு. அதிலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, பிடித்தால்தான் முன்னால் போவேன்.

எனக்கு முன்னால் அங்கே நூலகராக இருந்தவரை ஊரில் எல்லோரும் பழைய சார் என்றார்கள். அவர் இறந்து ஆறு மாதம் கழித்துத்தான் என்னைப் போட்டார்கள். எப்படி இறந்தார் என்று முதல் நாளே டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். புதுப் புத்தகக் கட்டு எடுத்து வர கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது வெள்ளிமலைக்கு மேலே பஸ் வரவில்லை. சரியான மழை. கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கு வழியில் நடந்திருக்கிறார். நடுவில் ஓர் ஓடை. இரண்டு நாள் கழித்து வெகுதூரம் கீழே அவரைக் கண்டெடுத்தார்கள். புத்தகக் கட்டு மட்டும் ஓடைக்கு இந்தப் பக்கம், ஊர்ப் பக்கம், ஒரு பாறை இடுக்கில் சணல் அவிழாமல், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் இருந்ததாம்.

"கட்டு மட்டும் எப்பிடி இந்தாண்ட வந்துச்சி, சொல்லுங்க டீச்சர்" என்றார் டீக்கடைக்காரர். அந்த ஊரில் வேலைக்கு வந்த பெண்கள் எல்லோருமே டீச்சர்தான்.

"முதல்ல கட்டக் கொண்டாந்து வச்சிட்டு, குடைய எடுக்கத் திரும்பிப் போயிருப்பாரு" என்றேன்.

"அவருகிட்ட குடையே கெடையாதுங்க."

அந்தக் கட்டை யாரும் பிரிக்காமல் மேசைக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதைப் பிரித்ததுதான் என் முதல் வேலை. புதுப் புத்தகம் வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்க்க வேண்டும்; அச்சு விட்டுப்போன பக்கம் இருக்கும், தலைகீழாகத் தைத்தது இருக்கும். பிறகு முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பன்னிரண்டு புத்தகங்கள். கட்டின் மேலாக இருந்தது கடல் ஆமைப் புத்தகம். எல்லாவற்றையும் தாள் தாளாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. இதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

பழைய புத்தகங்கள் சுத்தமாக இல்லை. பொழுது போகாத ஒரு மத்தியானம் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்தேன். முதல் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் பொடிப் பொடியாக எழுதியிருந்தது: "கொலை செய்தது யார் என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே. பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்." என் விரல் அப்போது கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாவலை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நடுநடுவே குறிப்புகள். "பால்காரனை நம்பாதே." முப்பது பக்கம் தள்ளி, "பால்காரன் பாவம், நான் அவசரப்பட்டுவிட்டேன்." நாவல் முடிந்த இடத்தில், "அடுத்தது பேய்க்கதை. மேல் தட்டு, இடது ஓரம்." மேல் தட்டின் இடது ஓரத்தில் பேய்க்கதைத் தொகுதி இருந்தது.

பதிவேட்டில் இருந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, தாளையே கீறுகிற மாதிரி அழுத்தம். பழைய சார்தான். புத்தகத்தில் கிறுக்கக்கூடாது என்று சுவரில் அட்டை மாட்டியிருந்த மனிதரே கிறுக்கியிருக்கிறார். கெட்டிப் பென்சிலால் அத்தனை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எங்கே குறிப்பு இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

பேய்க்கதையைப் படித்த நாளும் மூடுபனி நாள்தான். மூன்றாவது கதையில், காலடி ஓசை நெருங்கி வருகிற இடத்தில், எனக்குப் பின்னால் நிஜமாகவே ஏதோ அசைந்தது. பக்கத்தைத் திருப்பினால் ஓரத்தில், "திரும்பிப் பார்க்காதே. அது ஆடு." திரும்பிப் பார்த்தேன். ஆடுதான். கடுக்காய் மரத்தடியில் மேய்கிற வெள்ளாடு வாசலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு, இறந்துபோன மனிதருக்கு ஆடு வரும் நேரம் எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆடு தினமும் அதே நேரத்துக்கு வரும் என்று பிறகு கண்டுபிடித்துச் சமாதானம் செய்துகொண்டேன். இன்னொரு நாள் சமையல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, "இப்போது மழை பிடித்திருக்கும். கொடியில் துணி இருக்கிறது" என்று இருந்தது. தலையை நிமிர்த்தினேன். ஓட்டின் மேல் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டது. ஐப்பசியில் அந்த மலையில் தினமும் நாலு மணிக்கு மழைதான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் குடியிருந்த அறைக்கு ஓடிப்போய்த் துணியை எடுத்தேன். ஓடும்போது, "எடுத்துடறேன், எடுத்துடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். யாருக்குச் சொன்னேன்?

ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் அடுத்த புத்தகத்துக்கு வழி எழுதியிருந்தது. பேய்க்கதைக்கு அடுத்தது பாம்புப் புத்தகம்: "கட்டுவிரியன் படம் உள்ளே இருக்கிறது. நம் வாசலில் பார்த்தது இது இல்லை, தைரியமாக இரு." பாம்புக்கு அடுத்தது சமையல், அதில், "நம் வீட்டு உப்பு கரிக்கும், இவ்வளவு போடாதே." சமையலுக்கு அடுத்தது ஒரு பெரிய மொழிபெயர்ப்பு நாவல். அதன் முதல் பக்கத்தில், "பெயர்களைப் பார்த்துப் பயப்படாதே. நம் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொள்" என்று எழுதி, யாருக்கு யார் என்று ஒரு பட்டியல். பனிக்கட்டி தேசத்துப் பிரபுவுக்கு எங்கள் டீக்கடைக்காரரின் பெயர். அவர் சண்டைக்குப் போய்க் காயத்தோடு திரும்பிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் டீ வாங்கப் போனபோது, அவர் கையை உதறிக்கொண்டே, "கொதிக்கற பால் கொட்டிடுச்சி டீச்சர்" என்றார். கட்டுப் போட்டிருந்தது. நான் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

அந்த நாவலுக்கு அடுத்தது கவிதை. கவிதை என்றால் எனக்குத் தலைவலி. அவர் எழுதியிருந்தார்: "புரியவில்லை என்றால் மெதுவாக வாய்விட்டுப் படி. அப்புறமும் புரியாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் புரியவில்லை, ஆனால் விட மனமில்லை." எத்தனையோ வாத்தியார்கள் விளக்கியும் வராத கவிதை, புரியாமலும் இருக்கலாம் என்று ஒருவர் அனுமதி கொடுத்ததும் எனக்கு வந்தது. பிறகு நாடகம், அதன் பிறகு நட்சத்திரங்கள். மனிதர்கள் ஏன் இத்தனை விதமாகப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே அந்த ஒரு வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பாம்பைப் பற்றி எழுதியவருக்கும் பிரபுவைப் பற்றி எழுதியவருக்கும் ஒரே தவிப்புதான்; தான் பார்த்ததை இன்னொருவர் கண்ணிலும் காட்டிவிட வேண்டும் என்கிற தவிப்பு. இதைப் புத்தகங்கள் சொல்லவில்லை, ஓரத்தில் இருந்த பென்சில் சொல்லிக் கொடுத்தது.

நட்சத்திரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், "அடுத்தது நான் கொண்டுவருவதில் இருக்கிறது" என்று எழுதியிருந்தது. அதோடு குறிப்புகள் முடிந்துவிட்டன. அவர் கட்டெடுக்கப் போனார், வரவில்லை.

யாருக்கு எழுதினார் என்று யோசிக்காமல் இல்லை. நம் வீடு, நம் வாசல், நம் உப்பு என்றால் மனைவிக்குத்தானே. ஆனால் உறுப்பினர் பதிவேட்டில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டேன். "அந்தம்மாவா? அது களமருதூரு பக்கம், களை எடுக்கற வூட்டுப் பொண்ணு. எழுத்துன்னா இன்னா தெரியும் அதுக்கு? சாரு போனதும் அம்மா வூட்டுக்கே பூட்டாங்க" என்றார். நான் அப்படியே நம்பினேன். படிக்கத் தெரியாத மனைவியோடு புத்தக ஓரத்தில் பேசிக்கொண்டிருந்த தனிமைப்பட்ட மனிதர் என்று முடிவு கட்டி, அவருக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டேன். வீட்டுக்குப் போகிற புத்தகங்களை அவர் தன் பெயரிலேயே எடுத்துப் போயிருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பதிவேட்டில் இல்லாதவர் உலகத்திலேயே இல்லை என்பது நூலகர்களுக்கு உள்ள வியாதி. ஒரு பெண்ணாக இருந்துகொண்டு நானே அப்படி நினைத்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அப்போதுதான் இருப்புச் சரிபார்ப்புக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. புத்தகங்களில் கிறுக்கல் இருந்தால் நூலகரே பொறுப்பு. புது வேலை, நடுங்கிவிட்டேன். வெள்ளிமலைக்குப் போய் ரப்பர் வாங்கி வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் அழித்தேன். ஒவ்வொன்றையும் அழிப்பதற்கு முன் ஒருமுறை படித்தேன், அவ்வளவுதான் நான் காட்டிய மரியாதை. மேசை முழுக்கக் கறுப்புத் துகள். ஊதினால் பறந்து என் புடவையிலேயே வந்து ஒட்டியது. சரிபார்க்க வந்தவர் நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் வந்துபோன அடுத்த மாதம், ஒரு காலை நேரம். வாசலே தெரியாத மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒயர் கூடையோடு ஒரு பெண் வந்து மேசை முன்னால் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெறும் நெற்றி. வெயிலில் வேலை செய்து கறுத்த கை. அலமாரிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரே என்னிடம் சொன்னாள்:

"பேய்க்கத முடிச்சிட்டேங்க டீச்சர். அடுத்தது பாம்பு புக்கு."

அந்த வரிசை இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நான், இன்னொருவர் உயிரோடு இல்லை. எழுதி வைத்த சாட்சியத்தையும் நானே அழித்துவிட்டேன். மூடுபனியில் அவள் கால்கள் தெரியவில்லை என்பதைக் கவனித்தேன் என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்று குனிந்து பார்த்தேன். சேறு படிந்த ரப்பர் செருப்பு. பெருமூச்சு விட்டேன்.

"நான் பழைய சாரு வூட்டுக்காரிங்க" என்றாள். "ஒரு வருசம் வெளிய தெருவுல போவக்கூடாதுன்னு வச்சிட்டாங்க. அப்புறம் எங்கம்மா படுத்துக்கினாங்க. இப்பதான் வர முடிஞ்சிது. அவரு எனக்குன்னு எல்லா புக்குலயும் எழுதி வச்சிருக்காருங்க. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ரெண்டு புக்குதான் ஆச்சி. மிச்சத்துல இன்னா எழுதியிருக்காருன்னு பாக்கணும். அவரு பேச்சு அதுலதான இருக்குது."

பாம்புப் புத்தகம் என் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. சுத்தமாக. நான் திரும்பாமல் சொன்னேன்: "அது வெளியில போயிருக்குதுக்கா. அடுத்த மாசம் வாங்க."

"அமாவாசைக்கு வரேங்க. அன்னிக்கி ஏரு பூட்ட மாட்டாங்க, எனக்கும் வேல இருக்காது" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே பனிக்குள் போய்விட்டாள். களமருதூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழித்த எழுத்து முழுசாகப் போய்விடவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். மாலை நாலு மணி வெளிச்சம் ஜன்னலில் சாய்வாக விழும்போது பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால், அவர் அழுத்தி எழுதிய பள்ளங்கள் நிழலாகத் தெரிந்தன. அந்தப் பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டினேன். பள்ளம் தெரியாத இடங்களில் ஞாபகத்திலிருந்து எழுதினேன். அப்போதும் பாருங்கள், மறுபடி தணிக்கை வந்தால் சுலபமாக அழியட்டும் என்று மிருதுவான பென்சிலாகத்தான் வாங்கினேன். இடப்பக்கம் சாய்த்து எழுதப் பழகினேன். சில நாள் என் சொந்தக் கையெழுத்தே, பதிவேட்டில், இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

அமாவாசைக்கு அமாவாசை அக்கா வந்தாள். பதிவேட்டில் முதல் பெண் பெயர் அவளுடையது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அமாவாசை வெள்ளியில் வந்தால் அன்றும் திறந்து வைத்தேன். பாம்பு, சமையல், பெரிய நாவல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போனாள். வாங்கியதும் முதலில் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள், பிறகுதான் கூடையில் வைப்பாள். அவள் தடவும்போதெல்லாம் நான் பதிவேட்டில் குனிந்துகொள்வேன்.

நாடகப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போகவில்லை. அதில் அவர் எழுதியிருந்தது, "ராணி பேசுவதை நீ பேசு. சேவகன் பேசுவதை நான் வந்து பேசுகிறேன்." அதைப் படித்துவிட்டு, "இங்கயே படிக்கறேங்க. அவரு வூட்டவிட இங்கதான் ஜாஸ்தி இருப்பாரு" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம். பனி உள்ளே வந்து நின்றிருந்தது. அவள் எழுத்துக்கூட்டி, ராணியின் வசனத்தை உரக்கப் படித்தாள். சேவகனின் வசனம் வந்ததும் நிறுத்தினாள். விரல் மட்டும் அந்த வரிகளின் மேல் மெல்ல நகர்ந்தது. எதிர்ப்பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு ராணியைத் தொடர்ந்தாள். டீக்கடையில் ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது; டீக்கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் சேவகனுக்கு ஒரே ஒரு வரிதான். அவள் ரொம்ப நேரம் காத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஒரு வரிதான் இருக்குது" என்றேன்.

"அவரு மெதுவாத்தான் படிப்பாருங்க" என்றாள்.

நான் அந்த நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக, முத்திரை குத்திய புத்தகங்களுக்கே மறுபடி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

நட்சத்திரப் புத்தகமும் முடிந்தது. "அடுத்தது அவரு கொண்டாந்ததுல இருக்குதாம். எது டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கட்டு வந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள். "தேடி வைக்கிறேன், அடுத்த வாட்டி வாங்க" என்றேன். அந்தப் பன்னிரண்டில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? கட்டின் மேலாக இருந்தது என்பதற்காக மட்டுமே கடல் ஆமைப் புத்தகத்தை எடுத்தேன். உள்ளே ஒரு குறிப்பும் கிடையாது. தாள் தாளாகப் பார்த்தவள் நான். வெறும் புத்தகத்தை அவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம், கடைசிப் பக்கத்தின் அடியில், அவர் கையெழுத்தில் நானாகவே ஒரு வரி எழுதினேன்: "இனி அடுத்ததை நீயே எடு." அவளை எப்படியாவது இந்த வரிசையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னையும் விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன் என்பதுதான் நிஜம்.

அடுத்த அமாவாசைக்கு அவள் புத்தகத்தை மேசைமேல் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தாள்.

"மத்த புக்குல இருக்கறதெல்லாம் நீங்க எழுதுனதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர்."

நான் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தேன்.

"பாம்பு புக்க தொறந்ததுமே ரப்பரு வாசன அடிச்சிது. அழிச்சிட்டு எழுதியிருக்காங்கன்னு புரிஞ்சிபோச்சி. பேச்சு அவரு பேச்சுதான், அதான் கம்முனு இருந்தேன்."

"நான்தான்கா அழிச்சேன்" என்றேன். "தணிக்கைக்குப் பயந்துகினு அழிச்சிட்டேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

"அழிச்சா இன்னா? படிச்சிட்டுத்தான அழிச்ச." அன்றுதான் முதன்முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டாள். "நீ படிச்சதாலதான் எனக்கு மிச்சம் கெடச்சிது." பிறகு அந்த வரியை மறுபடி தொட்டாள். "ஆனா இது ஒண்ணு மட்டும் நீ எழுதல. இதுல ரப்பரு வாசன இல்ல. இது அவரு கையி. அன்னிக்கிக் காலைல கட்டு எடுத்தாரக் கெளம்பும்போது, வர வரைக்கும் நான் இன்னா படிக்கறதுன்னு கேட்டேன். 'எத்தினி நாளைக்கி நான் எடுத்துக் குடுக்கறது, இனிமே அடுத்தத நீயே எடு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் அவரு என்னாண்ட கடைசியா பேசுனது. யாருகிட்டயும் நான் சொன்னதில்ல."

அது நான் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவள் எழுந்து, அத்தனை மாதங்களில் முதல் முறையாக, தானாக அலமாரிகளிடம் போனாள். ரொம்ப நேரம் ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டே நடந்து, கடைசியில் ரேடியோ ரிப்பேர் செய்வது பற்றிய ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தாள்.

"உங்க வூட்ல ரேடியோ இருக்குதாக்கா?"

"இல்ல. உள்ள இன்னாதான் இருக்குதுன்னு பாக்கலாம்னு."

அவள் போன பிறகு வெகுநேரம் ஆமைப் புத்தகத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குச் சாய்வு வெளிச்சம் மேசைக்கு வந்தது. கடைசித் தாளைத் திருப்பி, அந்த வரிக்கு நேர் பின்னால் விரலை வைத்தேன். எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டது. நான் எழுதியது மிருதுவான பென்சிலால். அதே பென்சிலை எடுத்து, வேறொரு பழைய தாளில் அதே வரியை என் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தி எழுதினேன். இரண்டாவது சொல்லில் முனை உடைந்தது. பின்பக்கம் தடவினேன். வழவழவென்று இருந்தது.

எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாதக்கணக்கில் அவர் கையைப் பழகிய என் கை, என்னை அறியாமல் அப்படி அழுத்தியிருக்கலாம். வேறு பென்சிலை எடுத்திருந்து மறந்திருக்கலாம். வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரே எழுதியிருக்க, புதுப் புத்தகத்தைச் சரிபார்த்தபோது என் கண் தவறவிட்டிருக்கலாம். ஆனால் அப்படியானால் நான் எழுதிய வரி எங்கே? அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வரிதான்.

பிறகு மாற்றல் வந்து கீழே இறங்கிவிட்டேன். ஆமைப் புத்தகம் பின்னாளில் கழிவுப் பட்டியலில் வந்தபோது கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று இதை எழுதுவதற்கு முன், ரப்பரை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அழித்துப் பார்த்தால் அடியில் யாருடைய பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? கை வரவில்லை. பயமில்லை, இந்த முறை மரியாதை. சும்மா ஒரு செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு அதில் தேய்த்தேன். ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டிருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் கோடு அப்படியே இருக்கிறது.